எடை நோட்டு யார் கையில்? மேற்பார்வையாளருக்கும் பணியாளருக்கும் காதல் என்றால் கம்பெனி எழுதி வைக்க வேண்டிய விதி

மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். எச்.ஆர். என்பது கதவில் ஒட்டியிருக்கிற பெயர். உள்ளே வருகிறவர்களுக்கு நான் அக்கா. வேறொரு கம்பெனியில் எடை எழுதுகிற பிள்ளையாகச் சேர்ந்து, கணக்குப் பிரிவுக்குப் போய், பிறகு இந்த வேலைக்கு வந்தேன். எல்லாம் சேர்த்து 22 வருஷம். தங்கச்சிமடம், பாம்பன், வேதாளை, உச்சிப்புளி என்று வேனில் வந்து இறங்குகிற பெண்களோடுதான் என் பொழுது.

இப்போது மாதத்துக்கு ஒரு போனாவது வருகிறது. ஐஸ் பிளான்ட்காரர், ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர், ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். "மேடம், எங்க சூப்பர்வைசருக்கும் ஒரு பிள்ளைக்கும் பழக்கமாம். யாரை வெளிய அனுப்புறது?" எல்லாரும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லுமுன் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். நான் எழுதிய விதி முழுவதும் அதிலிருந்து வந்ததுதான்.

எழுபது கிராம்

நண்டுச் சதை எடுக்கிற வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெந்த நண்டு மேசைக்கு வரும். ஓட்டை உடைத்து, சதை சிதையாமல் தரம் பிரித்து எடுக்க வேண்டும். கூலி கிலோ கணக்கு. ஆளுக்கு ஒரு நம்பர். எடுத்த சதையை எவர்சில்வர் கிண்ணத்தில் தராசுக்குக் கொண்டுவந்தால், சூப்பர்வைசர் திரையைப் பார்த்து அந்த நம்பருக்கு நேரே நோட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் அந்த நோட்டுதான் சம்பளம்.

முன்பு இருந்த கம்பெனியில், மாசி மாதம் ஒரு சாயங்காலம், அன்றைய கணக்குத் தாளை வாங்கத் தராசு பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு பிள்ளை கிண்ணத்தை வைத்தாள். திரையில் 3.180 என்று விழுந்தது. சூப்பர்வைசர் நோட்டில் 3.250 என்று எழுதினார். எழுபது கிராம் கூட. அந்தப் பிள்ளை திரையையும் பார்க்கவில்லை, நோட்டையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் ஏழெட்டுப் பேர். எல்லார் விரல் நுனியிலும் ஓடு கீறிய கோடுகள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் வேதாளைக்காரி ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். "எங்க கிண்ணத்துக்குத் தராசு, அவ கிண்ணத்துக்குக் கண்ணாண்ணே?"

அன்றைக்கே விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் சொன்னார், நான் டைப் செய்தேன், கையெழுத்தும் போட்டேன்: அந்தப் பிள்ளையைச் சதை எடுக்கிற மேசையிலிருந்து குளிர் அறை பேக்கிங்குக்கு மாற்றுவது. அங்கே கிலோ கூலி கிடையாது, நாள் கூலிதான். கை வேகமான பிள்ளைக்கு அது பெரிய இறக்கம். ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள். "அக்கா, நான் கேக்கலயே. அவரு எழுதுனதுக்கு நான் ஏன்க்கா போகணும்?"

என்னிடம் பதில் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குமுன் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அவர் அதே தராசில், அதே பேனாவோடு இருந்தார். எழுபது கிராம் கூட எழுதியது அவர் கை. தண்டனை அவளுக்கு. அந்த ஆர்டரில் இருந்தது என் கையெழுத்து.

ஆகவே, "யாரை வெளியே அனுப்புவது" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பிள்ளையின் கூலி யார் பேனாவில் இருக்கிறது? அதைக் கண்டுபிடித்து மாற்றுங்கள். விதியின் வேலை அதுதான். மற்றதெல்லாம் அவர்கள் இருவரின் சொந்த விஷயம்.

முதலில் பேனாக்களை எண்ணுங்கள்

விதி எழுத உட்காருகிறவர்கள் "மேலாளர்" என்றால் யார் என்பதைப் பதவிப் பட்டியலைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் நம் ஊர் கம்பெனிகளில் பாதி ஆள் தப்பித்துக்கொள்வார்கள். மேலாளர் என்று கார்டு அடித்துக்கொண்டவர் ஆபீஸில் இருப்பார். ஒரு பெண்ணின் நாளை நல்ல நாளாகவோ கெட்ட நாளாகவோ ஆக்குகிறவர் கீழே ஷெட்டில் இருப்பார்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு பெண் காலையில் வேன் ஏறுவதிலிருந்து இரவு இறங்குவது வரை, அவளைப் பற்றி எழுதுகிற, தீர்மானிக்கிற ஒவ்வொரு கையையும் குறியுங்கள். நாங்கள் எழுதியபோது ஒன்பது வந்தது. எடை எழுதுகிறவர் முதலில். அடுத்து தரம் பார்க்கிறவர். சதையில் ஓட்டுத் துணுக்கு இருக்கிறது என்று கிண்ணத்தைத் திருப்பி அனுப்புகிறவர் அவர்தான். ஒரு கிண்ணம் திரும்பினால் அரைமணி நேரக் கூலி போச்சு. ஓவர்டைமுக்குப் பெயர் கொடுக்கிறவர். லீவுக்கு டிக் போடுகிறவர். ஜூன் மாதம் பள்ளிக்கூட பீஸ் கட்ட அட்வான்ஸ் கேட்டால் சரி என்றோ பிறகு பார்க்கலாம் என்றோ சொல்கிறவர். வேன் டிரைவரையும் சேர்த்தோம். யாரை வாசலில் இறக்குவது, யாரை ரோட்டிலேயே இறக்குவது என்பது அவர் கையில் இருக்கிறது. கடைசியாக இறங்குகிற பெண் வண்டியில் அவரோடு தனியாக இருக்கிறாள்.

இதில் எல்லாவற்றையும்விடக் கனமானது தடைக்காலப் பேனா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கணவாய், இறால் வரத்து படுத்துவிடும். நாட்டுப்படகு கொண்டுவருகிற நண்டை வைத்துத்தான் கம்பெனி ஓட வேண்டும். வீட்டில் ஆம்பிளைக்கும் தொழில் இல்லாத நாள் அது. அந்த நேரத்தில் நூறு பேரில் ஐம்பது பேரைத்தான் வேலைக்குக் கூப்பிட முடியும். "நாளைக்கு வாத்தா" என்று யாருக்குப் போன் போடுவது? பல கம்பெனிகளில் அதைச் சூப்பர்வைசர் ஒருவரே தன் போனிலிருந்து செய்கிறார். அவர் ஒருத்தியை விரும்புகிறார் என்றால், அந்த 61 நாளும் அவள் பெயர் விடுபடாது என்று மற்ற 99 பேரும் நம்புவார்கள். அது உண்மையாக இல்லாவிட்டாலும் நம்புவார்கள். அவர் நேர்மையானவராக இருந்தாலும் அதை நிரூபிக்க வழி இருக்காது. இப்படி அழைப்பு வருகிற பெண் மனம் மாறி "வேண்டாம்" என்று சொல்ல நினைத்தால், அவள் முன்னால் இருப்பது அந்த மனிதர் மட்டும் அல்ல, வீட்டு அடுப்பும்தான்.

இதைக் காதல் பிரச்சினை வருவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம். நாங்கள் நம்பர் வரிசைப்படி சுழற்சிமுறை வைத்தோம். பட்டியலை வேன் நிற்கிற இடத்தில் ஒட்டிவிடுகிறோம். யாருக்கும் தனியாகப் போன் போவதில்லை.

தடை எழுதாதீர்கள்

"கம்பெனிக்குள்ள லவ் கிவ் எல்லாம் கூடாதுன்னு ஒரு போர்டு மாட்டிருவோமே மேடம்" என்பார்கள். வேண்டாம். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒரே கூரையின் கீழ் இருக்கிற வயசுப் பிள்ளைகள் விரும்பத்தான் செய்வார்கள். போர்டு மாட்டினால் விருப்பம் நிற்காது, அதைச் சொல்வதுதான் நிற்கும். சொல்லாத விருப்பத்தில் பேனா கைமாறாது. எழுபது கிராம் பிறகும் எழுதப்படும், இன்னும் கவனமாக எழுதப்படும்.

சட்டமும் வயது வந்த இருவர் விரும்புவதைக் குற்றம் என்று சொல்லவில்லை. தனக்குப் பிடித்த துணையைத் தேர்ந்தெடுப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தருகிற உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சக்தி வாகினி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கம்பெனிக்கு இருக்கிற அதிகாரம் வேலை சம்பந்தப்பட்டது மட்டும்: யார் யாருக்குக் கீழே, யார் கையெழுத்து, எது மறைக்கப்பட்டது. 18 வயது நிறையாதவர் என்றால் இந்த விதிக்கே இடமில்லை. அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் விஷயம், அங்கே "விரும்பித்தான்" என்ற பேச்சே செல்லாது.

பெரிய கம்பெனிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்வேன். 2025 செப்டம்பரில் நெஸ்லே தன் தலைமை நிர்வாகி லோரன் ஃப்ரெய்க்ஸை நீக்கியது. தனக்கு நேரடியாகக் கீழே வேலை பார்த்த ஒருவரோடு இருந்த உறவை அவர் கம்பெனிக்குச் சொல்லவில்லை என்பதுதான் காரணம். 2019-இல் மெக்டொனால்ட்ஸ் தலைவர் ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கும் ஊழியர் ஒருவரோடு இருந்த உறவால் வேலை இழந்தார். போகும்போது பெரிய தொகையோடு போனார். வேறு ஊழியர்களோடு இருந்த உறவுகளையும் மறைத்தார் என்று பிறகு கம்பெனி வழக்குப் போட, 2021-இல் 10 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார். உலகத்துக்கே கடை வைத்திருக்கிறவர்களானாலும் பார்த்தது இரண்டைத்தான்: கீழே வேலை பார்க்கிறவரா, சொன்னாரா.

எழுத வேண்டிய வாசகம்

எங்கள் விதி ஒரு பக்கம்தான். அதில் முக்கியமான பகுதியை அப்படியே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

"நம் கம்பெனியில் வயது வந்த இருவர் ஒருவரையொருவர் விரும்புவதை இந்த விதி தடுக்கவில்லை. ஆனால் ஒருவர் மற்றவரின் எடை, தரம், ஓவர்டைம், லீவு, அட்வான்ஸ், வேலை அழைப்பு, வேன், சம்பள உயர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தீர்மானிக்கிறவராக இருந்தால், அவர் அந்த விருப்பத்தை அந்த மாதச் சம்பளப் பட்டியல் மூடுவதற்குள் எச்.ஆரிடம் எழுதித் தர வேண்டும். தெரிவிக்கிற கடமை மேலே இருப்பவருக்கு மட்டுமே. கீழே இருப்பவர் தெரிவிக்கவில்லை என்று அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது. தெரிவித்த நாளிலிருந்து அந்தத் தீர்மானங்களை வேறொருவர் எடுப்பார். இடம் மாற வேண்டி வந்தால் மேலே இருப்பவர் மாறுவார். இதனால் கீழே இருப்பவரின் வருமானம் ஒரு ரூபாயும் குறையாது."

கடமை மேலே இருப்பவருக்கு மட்டும் என்ற வரியை முதலாளிகள் வெட்டச் சொல்வார்கள். "ரெண்டு பேரும்தானே மேடம்" என்பார்கள். வெட்டாதீர்கள். சொன்னால் வேலை போகுமோ, சொல்லாவிட்டால் வேலை போகுமோ என்று நடுவில் நிற்பது எப்போதும் கீழே இருக்கிறவர்தான். பேனா வைத்திருக்கிறவர்தான் அதைக் கீழே வைக்கவும் வேண்டும்.

எழுதித் தருகிற தாள் அரைப் பக்கத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே இருப்பவர் பெயர், மற்றவரின் நம்பர், அவர் மேல் தனக்கு இருக்கிற அதிகாரம் எது எது, தேதி, கையெழுத்து. இவ்வளவுதான். எத்தனை நாள் பழக்கம், கல்யாணம் செய்வீர்களா, எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம் என்று ஒரு கட்டம்கூட இருக்கக் கூடாது. மேலே இருப்பவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். தாளில் அதற்கும் கட்டம் இல்லை. பேனாவை மாற்றுவது அங்கேயும் அதே மாதிரிதான்.

தாள் வந்ததும் அடுத்த வேலை, கீழே இருப்பவரிடம் தனியாகப் பேசுவது. அவர் பெண் என்றால் ஒரு பெண்தான் பேச வேண்டும். மேலே இருப்பவர் பக்கத்திலும் இருக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள், வெளியே இருக்கிறவர்கள் கண் அங்கேயே இருக்கும். சம்பளம் பற்றிச் சந்தேகம் கேட்க நாலு பேர் என் மேசைக்கு வருகிற நாளாகப் பார்த்து அவளையும் கூப்பிடுவேன். கேட்பது மூன்று கேள்வி. "அவரு எழுதிக் குடுத்திருக்காரு, இது உனக்குத் தெரியுமாத்தா?" "உன் இஷ்டம்தானா?" "நாளைக்கு வேண்டாம்னு தோணுனா என்கிட்ட வந்து சொல்லுவியா?" இரண்டாவது கேள்விக்கு உடனே "ஆமாக்கா" என்று வந்தால் சரி. தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தால், அந்தத் தாளை விருப்பக் கோப்பில் போடாதீர்கள். அது வேறு விஷயமாக இருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேட்டுக்கு வெளியே போகக் கூடாத செய்தி

நம் கடற்கரையில் இந்த விதியை எழுதுகிறவர்கள் பெங்களூரு கம்பெனியின் விதியைப் பார்த்து எழுதினால் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அங்கே தெரிவித்தால் ஒரு கோப்பில் போய் உட்காரும். இங்கே தெரிவித்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்குப் போய்விடும். வேனில் அத்தை மகள் இருப்பாள், கேன்டீனில் சித்தி இருப்பாள். வேறு சாதி, வேறு மதம் என்றால் வீட்டில் படிப்பும் நிற்கும், வேலையும் நிற்கும், அதற்கு மேலும் நடக்கும்.

ஒரு நாள் மதியம் எங்கள் கேட்டில் ஒருவர் பைக்கோடு வந்து நின்றார். எங்கள் தரம் பார்க்கிற பையன் கீழக்கரை, மேசையில் இருந்த பிள்ளை தங்கச்சிமடம். இவர் அந்தப் பிள்ளையின் அண்ணன். செக்யூரிட்டியிடம் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "அண்ணே, என் தங்கச்சி யாரோட வேன்ல வருது, மத்தியானம் யாரோட சாப்புடுது, சும்மா சொல்லுங்கண்ணே." செக்யூரிட்டி நல்ல மனிதர். அண்ணன்தானே என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டார். மறுநாள் அந்தப் பிள்ளை வேலைக்கு வரவில்லை. பதினோரு நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் போன் இல்லை. அந்தப் பையன் என் மேசைக்கு வந்து, "மேடம், நான் உங்ககிட்ட எழுதிக் குடுத்ததுனாலயா?" என்று கேட்டான். தாள் என் பூட்டிய அலமாரியை விட்டு நகரவில்லை. ஆனாலும் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. தாளைப் பூட்டிவைத்த நான் கேட்டைப் பூட்டவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வரி சேர்த்தோம். ஒன்று: பணியாளரைப் பற்றி யார் வந்து கேட்டாலும், அம்மா அப்பா, அண்ணன், மாமா, ஊர்ப் பெரியவர் என்று யாராக இருந்தாலும், கேட்டில் சொல்ல வேண்டிய பதில் "ஆபீஸ்ல கேளுங்க" என்பது மட்டும். இரண்டு: இந்த விதியின் கீழ் வந்த செய்தியை வெளியே சொல்கிறவர் யாராக இருந்தாலும், முதலாளியின் மைத்துனராக இருந்தாலும், நடவடிக்கை உண்டு. செக்யூரிட்டி, டிரைவர், கேன்டீன்காரர் மூவருக்கும் இதைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். வீட்டில் மிரட்டல் என்று ஒரு பிள்ளை சொன்னால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கையில் எழுதிக் கொடுங்கள். அவள் போனில் பதிய வேண்டாம், போன் மற்றவர் கைக்குப் போகும். "வீட்டுல பேசி முடிச்சு வைக்கிறேன்" என்று நீங்கள் கிளம்பாதீர்கள். அது நம் வேலை அல்ல, நமக்குத் தெரிந்த வேலையும் அல்ல.

மாற்றுவது எப்படி

நல்ல வழி, மேலே இருப்பவரை வேறு மேசைக்கோ வேறு ஷிப்டுக்கோ மாற்றுவது. சின்னக் கம்பெனியில் அது முடியாது. ஒரே சூப்பர்வைசர்தான் இருப்பார். அப்போது அந்த ஒரு நம்பருக்கு மட்டும் வேறொருவர் எடை எழுதட்டும் என்று வைக்காதீர்கள். அப்படி வைத்தால் அந்த நம்பர் யார் என்று ஷெட் முழுக்கத் தெரிந்துவிடும். எல்லாருக்குமே எடையை இருவர் பார்க்கட்டும். ஒருவர் எழுத, ஒருவர் கையெழுத்துப் போட, அந்தப் பெண் திரையைத் தானே பார்த்து நோட்டில் தன் எண்ணுக்கு நேரே டிக் போடட்டும். எங்கள் தராசின் திரையை மேசைப் பக்கம் திருப்பி வைத்தோம். ஒரு பைசா செலவில்லை. பாதிச் சண்டை அன்றோடு நின்றது.

கீழே இருப்பவர்தான் மாற விரும்புகிறார் என்றால் அவரே எழுதித் தர வேண்டும். அவருடைய முந்தைய மூன்று மாதச் சராசரியைக் கணக்குப் போட்டு, அதற்குக் குறையாமல் சம்பளம் வருவதை எழுத்தில் கொடுங்கள். நான் அன்று போட்ட ஆர்டரில் இந்த வரி இருந்திருந்தால் அந்தப் பிள்ளை போயிருக்க மாட்டாள்.

தாள் ஒப்புதல் சான்று ஆகாது

இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவேன், விட்டால். "எங்களுக்குள்ள விருப்பம்னு எழுதிக் குடுத்துட்டோமே" என்று பிறகு ஒரு புகாரின்போது மேலே இருப்பவர் அந்தத் தாளை நீட்டுவார். அந்தத் தாள் அன்றைக்குச் சொன்னதைத்தான் காட்டும். அடுத்த மாதம் அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவர் பின்னால் வந்தால், அது துன்புறுத்தல்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு அடிப்படை, 1997-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விசாகா தீர்ப்பு. "இணங்கினால் நல்லது நடக்கும்" என்று மறைமுகமாகச் சொல்வதும், "இல்லாவிட்டால் வேலைக்குச் சிக்கல்" என்று உணர்த்துவதும் அந்தச் சட்டப்படி துன்புறுத்தலுக்குள் வரும். தினக்கூலி, கான்ட்ராக்ட், பயிற்சி என்று எப்படி வேலை பார்த்தாலும் அவர் பணியாளர்தான். கம்பெனி அனுப்புகிற வேனும் பணியிடம்தான். பத்து பேர் இருந்தாலே, இந்தப் புகார்களை விசாரிக்கக் கம்பெனிக்குள் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். தலைவர் மேல்நிலையில் இருக்கிற பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது அவள் கேட்டால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை லீவோ கொடுக்கக் குழு பரிந்துரைக்கலாம். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது. இந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கக் கூடியவர் பெண். பையன்களுக்கும் இது நடக்கிறது, ஆகவே அவர்களுக்கும் வழி இருக்கிற மாதிரி உங்கள் விதியில் "யாராக இருந்தாலும்" என்று எழுதுங்கள்.

சூப்பர்வைசர்கள் அறிய வேண்டிய இன்னொன்று. வேலை தருகிறேன், பதவி உயர்வு தருகிறேன் என்று பொய்யாக ஆசை காட்டியோ, செய்கிற எண்ணம் இல்லாமல் கல்யாண வாக்குக் கொடுத்தோ ஒரு பெண்ணோடு உடலுறவு கொள்வது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவின்படி 10 வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. "நிரந்தரம் பண்ணித் தர்றேன்" என்ற வார்த்தையை எவ்வளவு சாதாரணமாக விடுகிறார்கள் என்று ஷெட்டில் நின்று கேட்டவள் நான்.

முடிந்துபோனால், கல்யாணம் ஆனால், முதலாளியே ஆனால்

விருப்பம் முறிந்தாலும் பேனாவை உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள். ஆறு மாதம் பொறுங்கள். அந்த ஆறு மாதமும் அவளுடைய எடை, திரும்பிய கிண்ணம், ஓவர்டைம், லீவு எல்லாவற்றையும் முந்தைய ஆறு மாதத்தோடு வைத்துப் பாருங்கள். கோபம் முகத்தில் தெரியாது, நோட்டில் தெரியும்.

கல்யாணம் ஆனால் மனைவி வேலையை விட வேண்டும் என்று சில இடங்களில் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அது அநியாயம். தம்பதியர் ஒரே கம்பெனியில் இருப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை, ஒருவர் சம்பளத்தை ஒருவர் எழுதாமல் இருந்தால் போதும். எங்களிடம் இப்போது மூன்று ஜோடி இருக்கிறார்கள். ஒரு பெண்ணையும் நிறுத்தவில்லை.

முதலாளி, முதலாளி மகன், பங்காளி என்றால்? பலருக்கு இந்த இடத்தில் பேனா நடுங்கும். விதியில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள்: அவர்கள் தெரிவிக்க வேண்டியது வெளியிலிருந்து வந்த குழு உறுப்பினரிடம். முதலாளி மேலேயே புகார் என்றாலும், பத்து பேருக்குக் குறைவான இடம் என்றாலும், அது மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர் குழுவுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அதற்கான முகவரியை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் முதலாளி இந்த வரியை மூன்று நாள் கையில் வைத்திருந்தார். நாலாம் நாள் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

வாசித்துக் காட்டுங்கள்

இங்கிலீஷில் அடித்து, சேருகிற அன்று கையெழுத்து வாங்கும் கட்டில் பதினாலாவது தாளாக வைத்தால் அது யாருக்கும் உதவாது. எங்கள் விதி தமிழில்தான் இருக்கிறது. பத்தரை மணி டீ நேரத்தில், மேசை மேசையாக, நானே நின்று வாசிக்கிறேன். பத்து நிமிஷம். சூப்பர்வைசர்களை அப்போது வெளியே போகச் சொல்லிவிடுவேன், அவர்கள் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சூப்பர்வைசர்களுக்குத் தனியாக வாசிப்பேன். அவர்களிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தாங்கள் யார் யாருக்கு எதை எதை எழுதுகிறோம் என்று அவர்கள் கையாலேயே எழுதச் சொல்வேன். பாதிப் பேர் எழுதிக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வருஷத்துக்கு இரண்டு முறை வாசியுங்கள். ஒன்று ஏப்ரல் முதல் வாரம், தடைக்காலச் சுழற்சிப் பட்டியல் ஒட்டுமுன். இன்னொன்று ஜூன் 14 கழிந்து, படகுகள் முதல் கடலுக்குப் போய்த் திரும்பிய வாரம். புதுப் பிள்ளைகள் வேனில் ஏறுவது அந்த வாரத்தில்தான்.